பொட்டு வைத்த பக்கம்

இசக்கிசெல்வி என்கிற பெயரைப் பாஞ்சாலி முதன்முதலாகக் கேட்டது கம்பெனி வேனில், ஒரகடம் போகிற வழியில். தோட்ட வேலைக்குப் புதிதாக ஒரு பெண் வரப்போகிறாள், திருநெல்வேலிப் பக்கம் என்று சூப்பர்வைசர் சாம்சன் முன் சீட்டிலிருந்து திரும்பிச் சொன்னார். எந்தப் பெயரைக் கேட்டாலும் அதை ஒரு குடும்பத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தால்தான் பாஞ்சாலிக்கு மனசு ஆறும். பென்னலூரில் கலைமணி என்றால் அவள் மாமியார் பிறந்த ஊர், காவேரி என்றால் அவள் கொழுந்தன் எந்தக் கம்பெனியில் லைனில் நிற்கிறான் என்பது வரைக்கும் சொல்லிவிடுவாள். இந்தப் பெயருக்கு மட்டும் ஒரு வீடும் அகப்படவில்லை.

"இன்னா பேரு அது? யாரு வூட்டுப் பொண்ணு?"

"உனுக்குத் தெரியாத வூடு கூட கீதா பாஞ்சாலி? இன்னிக்கு மழைதான்" என்றார் சாம்சன். வேன் முழுக்கச் சிரித்தது.

மறுநாள் அவள் வந்தாள். ஒல்லி உடம்பு, வேகமான நடை. களை பிடுங்கிக்கொண்டே பாஞ்சாலி ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"வூட்டுக்காரரு?"

"காய்ச்சல்ல போயிட்டாவ யக்கா."

"புள்ள குட்டி?"

"ஒரே ஒரு பொட்டப்பிள்ள. பிரியா. ஒண்ணாங் கிளாஸ் போவுது. வள்ளியூர்ல எங்க மதினிகிட்ட விட்டுட்டு வந்துருக்கேன்."

அப்போதுதான் பாஞ்சாலிக்கு அவளை உட்கார வைக்க இடம் கிடைத்தது. பாஞ்சாலியின் சின்னம்மா ஒருத்தி, அம்மாவுக்கு நேர் இளையவள், பிள்ளையை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுச் செங்கல் சூளைக்குப் போனாள். திரும்பி வந்தபோது பிள்ளை வளர்ந்திருந்தான். பெற்றவளைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்றான். கடைசி வரைக்கும் அப்படித்தான் பேசினான். அந்த மரியாதையைத் தாங்க முடியாமல்தான் சின்னம்மா செத்தாள் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு.

இசக்கிசெல்வி தங்கியிருந்த அறையில் ஐந்து பெண்கள். பிள்ளைகளை வைத்துக்கொள்ளக் கூடாது என்று வீட்டுக்காரன் முதலிலேயே சொல்லிவிட்டான். வைத்துக்கொள்ளலாம் என்றாலும் ஷிப்ட் விடாது. ஒரு வாரம் விடிகாலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் ராத்திரி; ராத்திரியில் தோட்ட ஆட்களுக்குக் கட்டடத்துக்குள் துப்புரவு வேலை. அந்தக் கூட்டத்தில் எப்போதும் பகல் வேலை ஒரே ஒருத்தருக்குத்தான். அது, உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டியின் டிரைவருக்கு. ராத்திரியில் யார் புல் வெட்டுவார்கள்?

அதை ஓட்டிக்கொண்டிருந்தவன் மறைமலை நகரில் வேறு வேலை கிடைத்துப் போனான். இசக்கிசெல்வி சாம்சன் முன்னால் போய் நின்றாள்.

"பொம்பள ஓட்டுற வண்டியாம்மா இது?"

"ஓட்டுதது பொம்பளைன்னு வண்டிக்குத் தெரியவா போவுது சார்?"

சாம்சன் சாவியைக் கொடுத்தார். ஒரு வாரத்தில் பழகிவிட்டாள். சாவி கிடைத்த அன்றைக்குச் சாயங்காலமே பாஞ்சாலி சொன்னாள்:

"எம் புள்ள பொண்டாட்டியக் கூட்டிக்கினு ஓசூர் போனதுலேர்ந்து பின்னறை சும்மாத்தான் பூட்டிக் கீது. முழுப் பரீட்சை முடிஞ்சதும் கொழந்தயக் கூட்டிக்கினு வந்துடு. நீ வர்ற வரைக்கும் நா பாத்துக்கறேன்."

இசக்கிசெல்வி பாஞ்சாலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரக் கடைசியில் பாஞ்சாலி அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். சின்னக் குழந்தை கைக்கு எட்டுகிற மாதிரி தாழ்வாக ஒரு ஆணியும் அடித்தாள், புத்தகப் பை மாட்ட.

வண்டிதான் சதி செய்தது. கம்பெனி லான் ஏரி மண்ணும் கட்டட இடிசலும் கொட்டி மேடாக்கிய இடம். மழை பெய்யப் பெய்ய ஜல்லியும் கம்பித் துண்டும் மேலே வந்துகொண்டே இருக்கும். வண்டியின் அடியில் சுற்றுகிற இரண்டு பிளேடும் மூலை மழுங்கி, வாழைக்காய் மாதிரி ஆகிவிட்டன. புல் வெட்டுப்படாமல் பிய்ந்தது. இந்தத் தொழிற்சாலை வட்டாரத்தில் எதைக் கேட்டாலும் கடைசல் பட்டறையில் செய்து கொடுப்பார்கள். லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு ஜோடி செய்தார்கள். எடை சரியில்லை, சாமி வந்த மாதிரி வண்டி ஆடியது. சாம்சன் போனில் ஆர்டர் போட்டு ஒரு ஜோடி வரவழைத்தார். நடு ஓட்டை வட்டமாக இருந்தது. வண்டி கேட்டதோ நட்சத்திர ஓட்டை.

"ஆயுத பூஜைக்கு மறுவாரம் வெளிநாட்டு ஆளுங்க வர்றாங்க. அதுக்குள்ள வண்டி ஓடலன்னா திருப்பி அனுப்பிச்சுட்டு, கையில புடிச்சு வெட்டுற ஆளுங்களப் போட்டுடுவேன். நீ ஷிப்டுக்குப் போயிடு" என்றார் அவர். கெட்டவர் இல்லை. அவர் மேலேயும் ஆள் உண்டு.

இசக்கிசெல்வி ஒரு பிளேடைக் கழற்றிப் பழைய துண்டில் சுற்றிக்கொண்டு பாரிமுனைக்கு பஸ் ஏறினாள். கண்டக்டர் துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாமா, யாரையாவது போடப் போறியா?" என்றார்.

"டிக்கெட்டு ஒழுங்காக் கொடுத்தா ஒங்கள விட்டுருதேன் அண்ணாச்சி."

இயந்திரச் சாமான் விற்கிற தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினாள். கடைசியில் வரதராஜுலு என்ற கிழவர், பிளேடை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பிளேட இந்த மூலையிலேர்ந்து அந்த மூலைக்குக் குறுக்கா அளக்கணும்மா. இதுல மூலையே இல்லியே. சரி, வண்டிக்கு அடியில ஒரு இரும்புக் கூண்டு இருக்கில்ல? அது எவ்ளோ அகலம்?"

தெரியவில்லை. பாஞ்சாலிக்குப் போன் போட்டாள். ஷெட்டில் டேப் எதுவும் கைக்கு அகப்படாமல், பாஞ்சாலி தன் கையாலேயே முழம் போட்டுச் சொன்னாள்.

"யாரு முழம்? ஆளுக்கு ஒரு முழம் இருக்குமே!" என்று கிழவர் சிரித்தார்.

இசக்கிசெல்வி சிரிக்கவில்லை. பூ முழம் குறைகிறது என்று பூக்காரியோடு சண்டை வந்த அன்றைக்கு இவளும் பாஞ்சாலியும் கையோடு கை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பாஞ்சாலியின் முழம் ஒரு விரற்கடை கூட. அந்த விரற்கடையைச் சேர்த்துச் சேர்த்துக் கடை மேஜை மேல் முழம் போட்டாள். கிழவர் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு ஜோடி கொண்டுவந்தார். நட்சத்திர ஓட்டை. மூலை கூர்மை. பெயிண்ட் மினுங்கியது.

"ஓட்டுறது உங்க வூட்டுக்காரரா?"

"நாந்தான்."

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவளை நன்றாகப் பார்த்தார். அவள் நம்பரைக் குறித்துக்கொண்டார்.

பிளேடு வந்து சேர்ந்த மறுநாள் ஆயுத பூஜை. புது இரும்பைப் பூஜைக்கு வைக்காமல் யார் மாட்டுவார்கள்? வண்டியைக் கழுவி வாழைக்கன்று கட்டினார்கள். பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் வைத்தார்கள். பிளேடில் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது, மறு பக்கம் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. எழுத்து இருக்கிற பக்கம்தானே முகம்? பாஞ்சாலி அந்தப் பக்கம் சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு வைத்தாள். அடுத்த நாள் இசக்கிசெல்வி ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் படுத்தபோது பாஞ்சாலி குனிந்து சொன்னாள்:

"பொட்டு வச்ச மொகத்தக் கவுக்காத. மேல பாத்தாப்புல வச்சு மாட்டு."

"அது எனக்குத் தெரியாதாக்கா?" என்றாள் அவள்.

மாட்டினாள். கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, வண்டியை எடுத்தாள். வண்டி போன தடத்தில் புல் பாய் விரித்த மாதிரி படுத்தது. வண்டி தாண்டியதும் மெள்ள எழுந்து நின்றது. ஒன்றும் வெட்டுப்படவில்லை.

சாம்சன் தலையில் கை வைத்தார். "இதுவும் ராங் பிளேடா? போதும்மா. திங்கக்கெழம வண்டிய ஏத்தி அனுப்பிச்சுடறேன்."

அன்றைக்கு வேனுக்குக் காத்திருக்கும்போது வள்ளியூரிலிருந்து பிரியா பேசினாள். ஸ்பீக்கரில் போட்டதால் பாஞ்சாலிக்கும் கேட்டது.

"சாப்ட்டீங்களா?" என்றது குழந்தை, விருந்தாளியிடம் கேட்கிற மாதிரி.

இசக்கிசெல்வி, "சாப்ட்டேன் தாயி" என்று மட்டும் சொன்னாள். வேன் வந்தது. அவள் ஏறவில்லை. திரும்பி ஷெட்டுக்குள் போனாள். பாஞ்சாலியும் பின்னாலேயே போனாள்.

வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு செல்போன் வெளிச்சத்தில் பிளேடை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தவள், "யக்கா, குனிஞ்சு பாரு" என்றாள். புல்லின் பச்சைச் சாறு ஏறியிருந்தது பிளேடின் மொட்டை முதுகில். கூராக இருக்கிற விளிம்பில் பெயிண்ட்கூடப் போகவில்லை.

"அருவாளத் திருப்பிப் புடிச்சு அறுத்துருக்கோம்."

பாஞ்சாலிக்குச் சுருக்கென்று புரிந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "திருப்பி மாட்டுனா பொட்டு மண்ணப் பாக்குமேடி."

"அது சோலி மண்ணுலதான யக்கா? மண்ணப் பாக்காம அது வானத்தப் பாத்து என்ன செய்யப் போவுது?"

பாஞ்சாலி தன் முந்தானையால் குங்குமத்தைத் துடைத்தாள். துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலையில் சாம்சன் வந்தபோது லானில் பாதி முடி வெட்டிய தலை மாதிரி ஆகியிருந்தது. இசக்கிசெல்வி வண்டியில் உட்கார்ந்து, அவரைப் பார்க்காத மாதிரி திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு வண்டியைத் திருப்பி அனுப்புகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அதற்கப்புறம் பாஞ்சாலிக்கு நாள் ஓடவில்லை. வாசலில் எந்தச் சின்னக் குழந்தை போனாலும் அந்தத் தாழ்ந்த ஆணிதான் நினைவுக்கு வரும். ஓசூரிலிருந்து அவள் பிள்ளை பொங்கலுக்குக்கூட வரவில்லை. ஸ்ரீபெரும்புதூர் கடையில் சின்னக் கட்டில் ஒன்று விலை கேட்டு வைத்தாள்.

பங்குனியில் பிளேடு மறுபடி தேய்ந்தது. அடுத்த ஜோடிக்காக இசக்கிசெல்வி பாரிமுனைக்குப் போன் செய்தாள். வரதராஜுலு பிளேடைப் பற்றிப் பேசி முடித்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்மா, உனக்கு எந்த ஊரு? வள்ளியூர்கிட்ட ஒரு காலேஜுக்கு இதே வண்டி வித்தேன். ஓட்ட ஆளில்லாம நிக்குதாம். உன் நம்பரக் கொடுக்கவா?"

இசக்கிசெல்வி திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் பாஞ்சாலி மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாம் அவளுக்கும் கேட்டது. கட்டில் விலை நினைவுக்கு வந்தது, ஆணி நினைவுக்கு வந்தது. அதற்குப் பின்னால் சின்னம்மாவும் வந்தாள்.

"இன்னாடி முழிச்சுக்கினு கீற? கொடுக்கச் சொல்லு" என்றாள்.

"யக்கா, ஒங்க வீட்டு ரூமு..."

"ரூமு எங்கயும் எழுந்து போயிடாது. சொல்லுடி, கெழவரு காத்துக்கினு கீறாரு பாரு."

ஊருக்குப் போகிற அன்றைக்கு இசக்கிசெல்வி, பாரிமுனைக்குக் கொண்டுபோன தேய்ந்த முதல் பிளேடைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதே துண்டில் சுற்றினாள். வண்டியின் சாவியைச் சாம்சன் யாரிடமும் கொடுக்காமல் கொஞ்ச நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். பாஞ்சாலி பின்னறையை யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. கேட்கிறவர்களிடம், ஆள் வர்றதாக் கீது என்று சொல்லுகிறாள். அந்த ஆணியில் இப்போது அவளுடைய கம்பெனித் தொப்பி தொங்குகிறது.

எப்போதாவது போன் வரும். பின்னால் குழந்தை சத்தமாக அம்மாவை அதட்டுவது கேட்கும். "ஏ, போனக் குடு, நானும் பேசுதேன்!" அதற்காகவே பாஞ்சாலி பேச்சை நீட்டுவாள்.

இசக்கிசெல்வி இப்போது வள்ளியூரில் இருக்கிறாள். காலேஜில் புல் வண்டி ஓட்டுகிறாள். மகள் அவளோடு இருக்கிறாள்.