திரைக்குப் பின்னால் வெடித்த வெடி

"செத்தவன் எப்படிலே சாப்பிட வாரான்? ரீலை மாத்திப் போட்டுட்டியாலே?" என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். பின்னால் பெருங்கூட்டம்.

நான் எந்த ரீலையும் மாற்றவில்லை. எல்லாம் எங்கள் முதலாளியின் திருப்பணி.

அறுபதுகளின் தொடக்கத்தில் எம். புதுப்பட்டி டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தேன். முதலாளியின் மைத்துனருக்குப் பட்டாசுக் கம்பெனி. கேட்க வேண்டுமா? படத்தில் துப்பாக்கி வந்தால் ஸ்பீக்கர் சத்தம் போதாதாம். திரைக்குப் பின்னால், வெட்டவெளியில், நிஜ வெடி வெடிக்க வேண்டுமாம். அதற்கென்றே மாடசாமி என்று ஓர் ஆள். சுடும்போது பற்றவைத்தால் தாமதமாகிவிடும் என்று, துப்பாக்கி தெரிந்ததுமே திரியில் நெருப்பு வைத்துவிடுவார்.

அன்று ஓடிய படத்தில் தம்பி அண்ணனைச் சுடத் துப்பாக்கியைத் தூக்குவான். கேமரா மெதுவாகத் தம்பியின் முகத்துக்குக் கிட்டே போகும். பாதி முகத்தில்தான் வெளிச்சம். வசனம் இல்லை, மியூசிக் இல்லை. சுடாமலே கையை இறக்குவான். அத்தோடு ரீல் முடியும். படத்தின் உயிரே அந்த அமைதிதான். படித்துப் படித்துச் சொன்னேன்.

"முதலாளி, இதுல அவன் சுட மாட்டான். வெடி வேண்டாம்."

"சுடாதவனுக்கு எதுக்குப்பா துப்பாக்கி? நீ மெஷினைப் பாரு."

டமார் என்றது வெடி. கொட்டகை முழுக்க விசில். அண்ணன் செத்தான் என்றே எல்லோரும் நம்பிவிட்டார்கள். அடுத்த ரீலில் அவன் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறான்!

முதலாளி கூசாமல் கூட்டத்திடம், "ஆபரேட்டர் தப்புங்க" என்றார். என்னிடம், "நாளைக்கும் ரகளை ஆச்சுன்னா நீ ஊரைப் பாத்துப் போயிரலாம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள், வேலையை விட முடியாது.

மறுநாள் அந்த ரீலுக்கு முன், பீடி பற்றவைக்க என்று மாடசாமியின் தீப்பெட்டியை வாங்கினேன். திருப்பித் தரவில்லை. அவர் சட்டைப்பையைத் தடவுவதற்குள் தம்பி துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். கொட்டகையில் ஓர் இருமல் இல்லை. மணல் தரையிலிருந்து ஒரு பெண், "வேண்டாம் ராசா, கூடப் பொறந்தவன்யா!" என்று அழுதுவிட்டாள். துப்பாக்கி இறங்கியது. கொட்டகையே பெருமூச்சு விட்டது.

என் வேலை தப்பியது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு மெஷின் ரூமுக்கு வந்தார்.

"அருமையான சீனுப்பா! அந்த மாடசாமிப் பய மட்டும் ஒழுங்கா வெடி போட்டிருந்தா இன்னும் எம்புட்டு நல்லா இருந்திருக்கும்!"

அன்றோடு அவருக்கு விளக்குவதை விட்டேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். எங்கே சத்தம் கூடாது என்று முதலாளியிடம் வாதாடாதீர்கள். தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.