சின்னச் சக்கரம்

விடிகாலையில் கிரிவலப் பாதையில் சைக்கிள் ஓட்ட எனக்கு ஆசை. கணவரின் மவுண்டன் பைக்கில் கால் எட்டவில்லை. அவரே கடைக்கு எடுத்துப்போய், அதே பிரேமில் சின்னச் சக்கரம் மாட்டிக்கொண்டு வந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடி அண்ணாமலை வளைவில் திரும்பும்போது பெடல் தரையில் இடித்தது. விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரிக்கும்வரை அவர்தான் சோறு ஊட்டினார்.

கை எலும்பு கூடியதும் சைக்கிளை அந்தக் கடைக்குத் தள்ளிப்போனேன். மணிக்கட்டில் இருந்த தழும்பைப் பார்த்ததும் மெக்கானிக் முகம் மாறியது.

"சக்கரம் சின்னதானா பெடல் தாழ்ந்துடும், திரும்பறப்ப இடிக்கும்னு அன்னிக்கே சொன்னேங்க. 'ஒரு தடவ விழுந்தாதான் வீட்ல கெடப்பா, நீ மாட்டு'னு சார் சொன்னாருங்க."

பழைய சக்கரத்தையே மாட்டச் சொன்னேன். கால் எட்டாமல் விழுந்தால், நானாக விழுந்ததாக இருக்கட்டும். அவர் ஊட்டிய சோறுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.