பஸ்ஸில் பேசும் சிங்களம்

கொல்லப் போகிறவளுக்கு நான் மொழி சொல்லிக் கொடுத்தேன். தெரிந்தே சொல்லிக் கொடுத்தேன். இதை முதலிலேயே உங்கள் முன் வைத்துவிடுகிறேன். பிறகு சுற்றி வளைக்க எனக்கு வழி இருக்கக் கூடாது.

இளவயதில் தெற்கே சிங்கள ஊரொன்றில், ஒரு பேக்கரியில் வேலை செய்தேன். முதலாளியின் மனைவி என்னைப் பெற்ற பிள்ளை போலப் பார்த்தவர். நான் மாப் பிசையும்போது பக்கத்தில் நின்று, உச்சரிப்பைத் திருத்தித் திருத்தி, சிரித்துச் சிரித்துச் சிங்களம் பழக்கினார். தமிழன் என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு!

பின்பு போர். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவிட்டேன். உடுவிலில் என் அக்காவின் வீட்டின்மேல் அரசாங்க விமானத்தின் குண்டு விழுந்தது. அக்காவும் இரண்டு பிள்ளைகளும்... சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் கோபம் நியாயமானது. இன்றும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன்?

சில மாதங்களில் இயக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபது வயது இருக்கும்.

“அண்ணை, சந்தைக் கதை, ஒபிஸ் கதை ஒண்டும் வேண்டாம். பஸ்ஸுக்குள்ளை சனம் கதைக்கிற மாதிரிச் சிங்களம் பழக்கி விடுங்கோ.”

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. “அதுக்குள்ளை குஞ்சு குருமானும் இருக்குமே, தங்கச்சி?” என்று ஒரே ஒரு தடவை கேட்டேன்.

“உங்கடை அக்கா வீட்டிலை இருந்தது ஆமியே, அண்ணை?”

என்னிடம் மறுமொழி இல்லை. இல்லை... பொய் சொல்கிறேன். மறுமொழி இருந்தது. சொல்ல விருப்பம்தான் இருக்கவில்லை.

இரண்டு வாரம் பழக்கினேன். அவள் கேட்காததையும் சேர்த்துக் கொடுத்தேன்! பிள்ளையோடு நிற்கும் தாயைக் கண்டால், “தாருங்கள், மடியில் வைத்திருக்கிறேன்” என்று சொல், ஒருவரும் சந்தேகிக்க மாட்டார்கள் என்றேன். பேக்கரி அம்மா பஸ்ஸில் அப்படித்தான் செய்வார். அந்தக் கனிவைக் கொண்டுபோய்... சீ! நானும் ஒரு மனிதனா?

அவள் பிறகு வரவில்லை. ஒரு நாள் வானொலியில் செய்தி வந்தது. தெற்கே ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்ததாம். வேலைக்குப் போனவர்கள், பள்ளிப் பிள்ளைகள்.

நான் மகிழ்ந்தேன். ஓம், மகிழ்ந்தேன்! “இப்ப தெரியட்டும் அவங்களுக்கு” என்றேன். என் மனைவி வானொலியை நிறுத்திவிட்டு எழுந்து போனாள்.

யாருக்குத் தெரியட்டும்? விமானம் ஓட்டியவன் அந்தப் பஸ்ஸில் இருக்கவில்லையே! இதை நினைக்க எனக்கு எத்தனை வருடம் பிடித்தது, பாருங்கள்.

போன மாதம் அக்காவின் திதிக்குக் கீரிமலை போயிருந்தேன். தெற்கிலிருந்து வந்த கூட்டத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், பெண்கள் குளிக்கும் கேணி எங்கே என்று கேட்டார். சிங்களத்தில் வழி சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“எவ்வளவு அழகாகப் பேசுகிறீர்கள், ஐயா! எல்லோரும் இப்படி மற்றவர் மொழியைப் படித்திருந்தால் இந்தப் போரே வந்திருக்காது.”

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். அவர் யாரையாவது இழந்தவரா என்றாவது கேட்டிருக்கலாம்.

“உண்மைதான், அம்மா” என்றேன். அதையும் பிழையில்லாத சிங்களத்தில்தான் சொன்னேன்.