சட்டையைக் கழற்றி நின்ற இடம்

முருகனை நம்பும் எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கோர்வையாக எழுத வராது. தொட்டதற்கெல்லாம் பதறுகிற சுபாவம் வேறு. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

போன ஆவணியில் என் மனைவி கல்பனாவுக்கு ஏழாம் மாதம். ஒரு காலையில் முகமெல்லாம் வீங்கி, தலைவலி தாங்காமல் உட்கார்ந்துவிட்டாள். ஹைதராபாத் கூகட்பள்ளியில் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இனியும் பொறுத்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று சொல்லி, அன்று மத்தியானமே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. எடை ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. அவள் அழுத சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். கல்பனாவை வேறு மாடியில் தீவிர சிகிச்சையில் வைத்தார்கள். நான் இரண்டு மாடிக்கும் நடுவே படியேறிப் படியிறங்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் மகளுக்கு இருந்த கஷ்டம் இதுதான். அவள் மூச்சு விட மறந்துவிடுவாள். குறைமாதத்தில் பிறந்தால் அப்படி வருவதுண்டு என்று டாக்டர் சொன்னார். நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பாள், திடீரென்று மூச்சு நிற்கும். மெஷின் கத்தும். சிஸ்டர் ஓடிவந்து உள்ளங்காலைச் சுண்டுவார். பிள்ளை திடுக்கிட்டு மறுபடி மூச்சை இழுக்கும். ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சிஸ்டர் வரக் கொஞ்சம் தாமதமானால்? இந்த ஒரு கேள்வி என்னைத் தின்றது. சோற்றில் கை வைத்தால் மெஷின் சத்தம் காதில் கேட்கும். கையை உதறிவிட்டு ஓடுவேன். போய்ப் பார்த்தால் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்.

எனக்கு ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். சின்ன வயதிலிருந்தே முருகன் சன்னதி என்றால் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பேன். வேலைக்காக ஹைதராபாத் வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. கல்பனா இங்கேயே, மாரெட்பள்ளியில் பிறந்து வளர்ந்தவள். அங்கே இருக்கிற முருகன் கோயிலில் சட்டையைக் கழற்று என்று யாரும் சொல்வதில்லை. "எல்லாரும் பாக்கறாங்க, நக்கோ!" என்று காதைக் கடிப்பாள். நக்கோ என்றால் இந்த ஊர்ப் பேச்சில் வேண்டாம். நான் கேட்டதே இல்லை.

இப்போது அந்தச் சன்னதிக்கே போக முடியவில்லை. பிள்ளை பிறந்த தீட்டு. ஊரிலிருந்து அம்மா போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "ஏலே, தீட்டு கழியாம கோயில் வாசப்படிய மிதிச்சிராத. இருந்த எடத்துல இருந்தே கும்பிடு, அவனுக்குக் கேக்கும்."

முதல் பாதிதான் என் காதில் விழுந்தது. பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது கும்பிடாமல் வேறு எப்போது கும்பிடுவது? செவ்வாய்க்கிழமை மனசு கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே போகத் துணிச்சல் இல்லை. எதிர்ச்சாரியில் நின்றேன். உள்ளே மணி அடித்தது, தீபாராதனை நடந்தது. எனக்கு வேல்கூடத் தெரியவில்லை. முன்னால் ஒரு பஸ் வந்து நின்றுவிட்டது. அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. நடுத்தெருவில் முருகனோடு சண்டை போட்டேன்.

"முருகா, பிள்ளையைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டாய். உன்னையும் தெருவுக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாய். நான் இப்படியே வேடிக்கை பார்க்கவா? அவளுக்காக நான் செய்ய ஏதாவது ஒன்று கொடு. அவள் மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்." அழுதுகொண்டே திரும்பினேன்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் பெரிய சிஸ்டர் என்னைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். ஓடினேன். அவர் தெலுங்கில் கடகடவென்று பேசினார், பாதிதான் புரிந்தது. பிள்ளையை அம்மாவின் நெஞ்சில் தோலோடு தோலாகப் படுக்கவைத்தால் மூச்சு சீராகுமாம். அம்மா எழுந்திருக்கும் நிலையில் இல்லை. அதனால் அப்பா வர வேண்டுமாம். நான் விழித்துக்கொண்டு நின்றேன். அவர் என் சட்டைப் பொத்தானைக் காட்டினார்.

"ஷர்ட் தீசேயண்டி."

சட்டையைக் கழற்றுங்கள் என்கிறார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கழற்றினேன்.

சாய்வு நாற்காலியில் என்னை உட்காரவைத்து, குழாயும் ஒயருமாகப் பிள்ளையைத் தூக்கி நெஞ்சில் வைத்தார்கள். கனமே இல்லை. சூடு மட்டும் தெரிந்தது. நான் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் மெஷின் கத்தியது. என் மேல் படுத்ததால்தான் நின்றுவிட்டது, நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். சிஸ்டர் பிள்ளையின் முதுகை லேசாகத் தேய்த்தார். மூச்சு வந்தது. பிறகு என் தோளைத் தட்டினார்.

"மீரு ஊபிரி தீசுகோண்டி, சார்."

நீங்கள் மூச்சு விடுங்கள், சார். அப்போதுதான் தெரிந்தது, நானும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். மெல்ல இழுத்தேன். விடும்போது "முருகா" என்றேன். மறுபடி இழுத்தேன், மறுபடி "முருகா". என் நெஞ்சு ஏறி இறங்க, பிள்ளையும் ஏறி இறங்கியது. அவளைத் திரும்பப் பெட்டியில் வைக்கும்வரை மெஷின் வாயே திறக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் அதுதான் என் வேலை. உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. பெட்டிக்குள் இருக்கும்போது மூச்சு நிற்கத்தான் செய்தது, நான் நடுங்கத்தான் செய்தேன். ஆனால் போகப்போகக் குறைந்தது. பிறகு நின்றே போனது. டாக்டர் கொடுத்த மருந்தும் வேலை செய்தது, அதை நான் மறுக்கவில்லை. அந்த டாக்டரையும் சிஸ்டரையும் அனுப்பியது யார் என்பதில்தான் எனக்குச் சந்தேகம் இல்லை. கல்பனாவைச் சக்கர நாற்காலியில் முதல் முறை அழைத்து வந்தபோது நான் அழுதுவிட்டேன். அவள்தான் என்னைத் தேற்றினாள். "கைக்கு அழறீங்க? ஹவ், பாருங்க, நல்லா மூச்சு விடறா." அவள் ஊர்ப் பேச்சில் கைக்கு என்றால் ஏன், ஹவ் என்றால் ஆமாம்.

மகளுக்கு வள்ளி என்று பெயர் வைத்தோம். வீட்டுக்கு வந்து, டாக்டர் அனுமதித்த பிறகு கோயிலுக்குப் போனோம். வழக்கம்போல் சட்டையைக் கழற்றினேன். கல்பனா இந்த முறை ஒரு கையை நீட்டிச் சட்டையை வாங்கிக்கொண்டாள். அவள் தோளில் சிணுங்கிக்கொண்டிருந்த வள்ளி என்னைப் பார்த்ததும் இன்னும் சிணுங்கினாள். வாங்கி நெஞ்சில் போட்டேன். கன்னத்தை வைத்து அழுத்தி, அப்படியே தூங்கிவிட்டாள். தீபாராதனை காட்டினார்கள். கும்பிட எனக்குக் கை இல்லை.

இன்னும் பதறுகிறவன்தான் நான். ஆனால் பதற்றம் வந்தால் இப்போது வண்டியை எடுப்பதில்லை. இருந்த இடத்தில் ஒரு மூச்சு இழுத்து, "முருகா" என்று விடுகிறேன். கோயில் வாசல் எட்டாத நாளில் இதை வாசிப்பவர் யாராவது இருந்தால், நீங்களும் இருக்கிற இடத்திலிருந்தே கூப்பிடுங்கள். அவனுக்குக் கேட்கும்.