காலர் அக்கா எழுந்து போன தடவைகள்

எங்கள் தையல் கம்பெனியில் யாருக்கும் பெயர் கிடையாது. தைக்கிற துண்டுதான் பெயர். நான் பாக்கெட். பக்கத்து மெஷினில் இருப்பவள் காலர் அக்கா. ஐம்பத்து மூன்று வயது. இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிச் சீருடைக்குக் காலர் வைக்கிறாள். அவள் வைத்த காலர் ஒன்றுகூடப் பிரித்துத் தைக்கச் சொல்லித் திரும்பி வந்ததில்லை.

நாற்பது பெண்களுக்கு ஒரே ஒரு சிவப்பு அட்டை. கழிவறைக்குப் போவதென்றால் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் எழ வேண்டும். இந்த அரிய யோசனை எங்கள் சூப்பர்வைசருடையது. முப்பது வயதுகூட ஆகாத மகானுபாவர். யார் எத்தனை தடவை எழுந்தார்கள் என்று நோட்டில் கோடு போடுவதுதான் அவர் செய்கிற ஒரே உருப்படியான வேலை.

காலர் அக்காவுக்கு எதிரே அந்தக் கோடு பெருகிக்கொண்டே வந்தது. மாதவிலக்கு நின்ற பிறகு அவளுக்குக் கீழே ஒரே வறட்சி, எரிச்சல். உட்கார்ந்தால் உரசும். கொஞ்ச நேரத்தில் மூத்திரம் முட்டும், போனால் நாலு சொட்டு. தெருமுனை டாக்டர் தலையைக்கூட நிமிர்த்தாமல் ஆறு தடவை நீர்க்கடுப்பு மாத்திரை எழுதினார். ஒருமுறையாவது என்ன வயசு, மாதவிலக்கு நின்றுவிட்டதா என்று கேட்டிருப்பாரா? கேட்டால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும் பாருங்கள்!

"அங்க யாரு காத்துட்டிருக்காங்கக்கா, இத்தனை வாட்டி போறீங்க?" என்று ஒருநாள் சூப்பர்வைசர் கேட்டார். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். "அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். ஷிஃப்டுக்கு மூணு வாட்டிக்கு மேல எழுந்தீங்கன்னா காலர் வேற ஆளுக்கு. நீங்க நூல் வெட்டப் போங்க."

நூல் வெட்டுவது புதிதாகச் சேர்ந்தவர்கள் நாள் முழுக்க நின்றுகொண்டு செய்கிற வேலை. காலர் அக்கா அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

மறுநாள் விடுப்பு போட்டு அரசு மருத்துவமனைக்குப் போனாள். டாக்டரம்மா திரைக்குப் பின்னால் படுக்க வைத்துப் பரிசோதித்தார். மார்பில் கட்டி வந்ததுண்டா, நின்ற பிறகு எப்போதாவது ரத்தம் பட்டதா என்று கேட்டார்.

"கிருமி ஒண்ணும் இல்லம்மா. உடம்புல ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் குறைஞ்சு யோனியோட தோல் மெலிஞ்சு போச்சு. அதே ஈஸ்ட்ரோஜன் கொஞ்சமா இருக்கிற க்ரீம் தர்றேன். ரெண்டு வாரம் தினமும் உள்ள தடவுங்க, அப்புறம் வாரத்துக்கு ரெண்டு நாள். உடனே தெரியாது, சில வாரம் ஆகும். விட்டுடாதீங்க."

நாலு நாள் தடவினாள். ஐந்தாம் நாள் ட்யூப் சப்பையாகக் கிடந்தது. எஜமானரான அவள் வீட்டுக்காரர் தன் குதிகால் வெடிப்பில் அதை அப்பிக்கொண்டு, காலை நீட்டி டீவி பார்த்துக்கொண்டிருந்தார். க்ரீமை உள்ளே செலுத்தக் கூடவே ஒரு குழாய் இருக்கிறதே, குதிகாலுக்கு அது எதற்கு என்றுகூட அந்த மண்டைக்கு உறைக்கவில்லை.

"க்ரீம்னா எல்லாம் ஒண்ணுதானே?" என்றாராம். எதற்கான க்ரீம் என்று அவள் சொன்னதும், "இந்த வயசுல உனக்கு இதெல்லாம் கேக்குதா?" என்றாராம்.

"உக்காரக் கேக்குது. ஒன்பது மணி நேரம் உக்காரணும்" என்று சொல்லிவிட்டு, மறுபடி போய் வாங்கி வந்து, பாத்திரம் தேய்க்கிற நாருக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்தாள். வீட்டில் அந்த மனிதர் கை வைக்காத இடம் அது ஒன்றுதான்.

முதலில் ஒரு மாற்றமும் இல்லை. ஏழு கோடு, ஆறு கோடு. அழுதுவிடுவாள் போலிருந்தது, ஆனாலும் விடவில்லை. ஆறாவது வாரத்தில் நாலானது. கெடு முடிகிற அன்று இரண்டே கோடு.

சூப்பர்வைசர் நோட்டைத் தூக்கிப் பிடித்தார். "பாத்தீங்களா? கண்டிப்பா நாலு வார்த்தை சொன்னா எல்லாம் தன்னால அடங்கும்."

காலர் அக்கா மெஷினை நிறுத்தினாள். "கண்டிப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல தம்பி. மாதவிலக்கு நின்னா யோனி வறண்டு போகும். அதுக்கு க்ரீம் தடவினேன். உங்க நோட்டுல அதையும் எழுதிக்கோங்க."

நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் போன வேகத்தைப் பார்க்க வேண்டுமே! இளசுகள் சிரித்தார்கள். எங்கள் வயதுக்காரிகள் தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தோம்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ ஏன்டி காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல?"

"எனக்கா? தாகமில்லக்கா" என்று இளித்து வைத்தேன். சூப்பர்வைசரைப் பார்த்த அதே பார்வையை என் மேலும் போட்டாள். அட்டைக்குப் பயந்து மூன்று வருஷமாகத் தொண்டையை நனைக்காமல் கிடக்கிறவள் நான். அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியிருக்கிறேன். த்தூ, நானும் ஒரு பொம்பளை!

"எனக்கும் அதே வறட்சி, எரிச்சல்தான்க்கா" என்றேன். "மூணு வருஷமா."

"அன்னிக்குச் சிரிக்காம இதைச் சொல்லியிருந்தா ரெண்டு பேருமா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமேடி" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த காலரை எடுத்தாள்.