மேட்டுக்கு அந்தப் பக்கம்

வண்டி ஆஃப் ஆகிவிட்டது, அதனால்தான் அந்த இடத்தில் நின்றேன் என்று ஆறு வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவியிடம் சொன்னேன், டாக்டரிடம் சொன்னேன், மச்சானிடமும் சொன்னேன். அது பொய். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மச்சான் என் மனைவியின் தம்பி. நெல்லிக்குப்பத்தில் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். நான் சிதம்பரத்தில் கல்லூரி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். வேலை முடிந்த கையோடு எனக்கு ஓர் ஆசை வந்து, மண்பாதையில் ஓட்டுவதற்கென்றே உயரமான பைக் ஒன்று வாங்கினேன். என்னைப் பார்த்து அவனும் வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிள்ளைப் பக்கம் வாய்க்கால் கரை, சவுக்குத் தோப்பு வண்டித்தடம் என்று சுற்றுவோம். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. முன்னால் போகிறவர் எந்த மேட்டைத் தாண்டினாலும், எந்த மதகைத் தாண்டினாலும், அந்தப் பக்கம் இறங்கி நிற்க வேண்டும். பின்னால் வருகிறவர் தலை தெரிந்த பிறகுதான் கிளம்ப வேண்டும். சேற்றில் மாட்டினால் தூக்கிவிட ஆள் வேண்டுமே. முன்னால் போகிறவன் எப்போதும் நான்தான். "மாமாவுக்கு வயசே ஆவல, வண்டிக்குத்தான் ஆவுது" என்று அவன் வீட்டில் சொல்வான். காதில் விழாதது போல இருப்பேன்.

கடலூருக்கு மேற்கே செம்மண் மேட்டில், புயலில் சாய்ந்துபோன முந்திரித் தோப்பு ஒன்றை யாரோ மண்மேடுகளில் பைக் பந்தயம் ஓட்டுகிற மோட்டோகிராஸ் டிராக் ஆக்கியிருப்பதாக அவன்தான் கேள்விப்பட்டு வந்தான்.

"போயி ஒரு காட்டு காட்டிட்டு வரலாம் மாமா."

காலை எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பல மரங்களை வேரோடு பிடுங்கியிருந்தார்கள். குழிகள் அப்படியே கிடந்தன. தோண்டிய மண்ணை நீள நீளமான மேடுகளாகக் குவித்திருந்தார்கள். அந்த மேடுகளின் வரிசையைப் பார்த்ததும் எனக்கு இடுகாடுதான் நினைவுக்கு வந்தது. மச்சானிடம் சொல்லவில்லை. ஒரு குருவிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஓட்டிக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேரும் தலை முதல் கால் வரை ஒரே செம்மண் நிறம். ஹெல்மெட்டுக்கும் கருப்புக் கண்ணாடிக்கும் பின்னால் யாருக்கும் முகம் இல்லை.

டிராக்கைப் பார்த்துக்கொள்பவருக்கு முப்பது வயதிருக்கும். ஸ்பேனரோடு வந்து எங்கள் வண்டிகளின் பக்கக் கண்ணாடிகளைக் கழற்றினார்.

"விழுந்தா குத்தும் சார். பின்னாடி பாக்குற வேலையே இங்க கெடையாது. இன்னொண்ணு, நல்லா கேட்டுக்குங்க. ஜம்ப்புக்கு அந்தப் பக்கம் மட்டும் நிக்காதீங்க. மேல பறந்து வர்றவனுக்குக் கீழ இருக்கறது தெரியாது. விழுந்தாக்கூட உருண்டு ஓரமா வந்துடுங்க."

தலையாட்டினேன். முப்பத்தைந்து வருடம் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கு, பிறர் சொல்வதைக் கேட்டுக்கொள்வது அவ்வளவு சுலபமாக வரவில்லை. ஆனால் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. இதைத்தான் நான் இங்கே முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

முதல் சுற்றிலேயே எனக்கு ஓட்டத் தெரியாது என்பது தெரிந்துவிட்டது. மேடுகளில் மற்றவர்கள் பறந்தார்கள். நான் ஏறி இறங்கினேன். முதல் வளைவிலேயே மணல் முன்சக்கரத்தை இழுத்துச் சாய்த்தது. எழுந்து ஓட்டினேன், மறுபடி சாய்ந்தேன். இரண்டு பக்கமும் முகமில்லாத ஆட்கள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். காட்டுப் பாதை எங்காவது கொண்டுபோய்ச் சேர்க்கும். இங்கே இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அதே கருகிய முந்திரிக்கட்டை எதிரே வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அது தடத்தை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்திருப்பது போலவே எனக்குத் தோன்றியது.

ஓலைக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்கள் என் வேகத்தைப் பார்த்துக் கத்தினார்கள். "பால்காரரே! நம்ம வூட்டுக்கு அரை லிட்டர்!"

மூன்றாவது சுற்றில் மச்சான் என்னைத் தாண்டினான். கரும்பு வயலில் டிராக்டரைத் திருப்பிய கை அவனுடையது. அந்த மண் அவனுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. தாண்டும்போது ஒரு கையைத் தூக்கிக் காட்டினான். எங்கள் பழக்கத்தில் அவன் எனக்கு முன்னால் போனது அன்றுதான் முதல் தடவை.

கோடியில் இருந்த மேடுதான் எல்லாவற்றிலும் பெரியது. கொட்டகையில் இருப்பவர்களுக்கு அதன் மறுபக்கம் தெரியாது. அடுத்த சுற்றில் அதில் மெதுவாக ஏறி இறங்கி, அடிவாரத்திலேயே வண்டியை நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன். அத்தனை இன்ஜின்களின் சத்தத்தையும் அந்த மண் விழுங்கிவிட்டிருந்தது. என் வண்டி மட்டும் காலடியில் முனகிக்கொண்டிருந்தது. அந்த அமைதி எனக்கு இதமாக இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை. டிராக்கைப் பார்த்துக்கொள்பவர் சொன்னது நினைவிலும் இருந்தது. ஒரு சுற்று இப்படியே கழியட்டும் என்று நினைத்தேன்.

சக்கரம் தரையை விட்டு எழும்போது இன்ஜினின் குரல் மாறும். ஏதோ கேட்கப்போவது போல மேலே மேலே ஏறும். அந்தக் குரல் என் தலைக்குப் பின்னால் கேட்டது. அதற்கும் முன்னால் நிழல் வந்துவிட்டது. செம்மண்ணில் ஓடி, என் கைகளின் மேல் ஏறி, போயிற்று.

காற்றில் இருந்தபடியே என்னைப் பார்த்து மச்சான் வண்டியை ஒடித்துத் திருப்பியிருக்கிறான். எனக்கு நாலடி தள்ளி, பிடுங்காமல் விட்ட ஒரு கட்டையின் மேல் விழுந்தான். அவன் வண்டியின் பின்சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். கருப்புக் கண்ணாடிக்குள் அவன் கண் தெரியவில்லை. என் முகம்தான் தெரிந்தது.

மற்றவர்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. "என்னா சார் ஆச்சு? ஏன் சார் நின்னீங்க?"

"வண்டி ஆஃப் ஆயிடுச்சு" என்றேன். அதைச் சொல்வதற்கு முன்பே என் கட்டைவிரல் ஹேண்டிலில் இருந்த சுவிட்சை அணைத்திருந்தது.

மச்சானுக்கு இடுப்பெலும்பில் இரண்டு முறை ஆபரேஷன் ஆயிற்று. இடது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. டிராக்டரில் ஏற முடியாது. பக்கத்தில் இரண்டு சக்கரம் கூடுதலாக வைத்த ஸ்கூட்டரில்தான் போகிறான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பட்டப்பகலில், எங்கள் தெரு முனையில் பஸ் கியர் மாற்றும்போது, இன்ஜின் குரல் மேலே ஏறும். அது கீழே இறங்கும் சத்தத்துக்காகக் காத்திருப்பேன். பஸ் போய்விடும், அந்தச் சத்தம் வராது. சில நாள் பேப்பர் படிக்கையில் கைகளின் மேல் ஒரு நிழல் ஓடும். நிமிர்ந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது.

போன மாதம் மச்சானே போன் செய்தான். "கரைப்பக்கம் போவலாமா மாமா? ரொம்ப நாளாச்சு."

கிள்ளைக்கு முன்னால் உள்ள வாய்க்கால் கரையில் போனோம். மதகு மேட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, அவன் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தோம். வாய்க்காலைப் பார்த்தபடியே அவன் சொன்னான்.

"அன்னைக்கு ஒங்க வண்டி ஆஃப் ஆவல மாமா."

தண்ணீர் பாட்டிலை மூடினேன்.

"மேலேர்ந்து பாத்தேன். சைலன்சர் பின்னாடி மண்ணு பறந்துகிட்டு இருந்துச்சு."

"ஏன் மச்சான் இத்தனை நாளா சொல்லல?"

"என்னாத்துக்கு? எப்பவும் போல எனக்காகத்தான நின்னீங்க. பழக்கதோசம். இத சொன்னா அக்கா ஒங்கள சும்மா வுடுமா?" சிரித்தான்.

அப்படியே விட்டிருக்கலாம். ஆறு வருடமாக அவன் என்னை மன்னித்து வைத்திருந்தான். ஆனால் அவன் மன்னித்தது நான் செய்யாத ஒரு காரியத்தை.

"ஒனக்காக நிக்கல" என்றேன். "நிக்கக் கூடாதுன்னு அந்த ஆளு சொன்னது ஞாபகம் இருந்துச்சு. தெரிஞ்சேதான் நின்னேன். நீ என்னைத் தாண்டிப் போனது பொறுக்கல. எல்லாரும் சிரிச்சாங்க. ஒளிஞ்சுக்க அந்த எடந்தான் இருந்துச்சு."

அவன் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து ஸ்கூட்டர் சக்கரத்தில் ஒட்டியிருந்த களிமண்ணை விரலால் சுரண்டினான். எல்லாவற்றையும் சுரண்டி முடித்த பிறகு, "சரி மாமா, வெயில் ஏறுது" என்றான். ஸ்கூட்டரைக் கிளப்பி, எனக்கு முன்னால் மேட்டில் ஏறினான். உச்சியில் அவன் முதுகு தெரிந்தது. பிறகு தெரியவில்லை. சத்தமும் அடங்கியது.

வண்டியைக் கிளப்பினேன். மறுபடி அணைத்தேன். அந்தப் பக்கம் அவன் நின்றுகொண்டிருந்தால் என்ன செய்வது? இறங்கி, நடந்தே மேட்டின் மேல் ஏறிப் பார்த்தேன்.

அடிவாரத்தில் அவன் இல்லை. கரை நேராக, கண்ணுக்கு எட்டிய வரை வெறுமையாகக் கிடந்தது. மூன்று சக்கரத் தடங்களின் மேல் தூசி இறங்கிக்கொண்டிருந்தது. அது முழுவதும் இறங்கும் வரை அங்கேயே நின்றேன்.