நம்பருக்கு வீடு கிடைத்தது

ஜீவானந்தத்துக்கு மனப்பாடமாகத் தெரிந்த போன் நம்பர் உலகத்திலேயே ஒன்றுதான். அது அவருடைய சொந்த நம்பர். தன்னைத் தானே கூப்பிட வேண்டிய அவசரம் யாருக்கும் வருவதில்லை என்பதால் இந்த அறிவு அவருக்கு எந்தக் காலத்திலும் உதவியதில்லை.

தாம்பரம் மேற்கில், ஸ்டேஷனை விட்டு இறங்கியதும் வருகிற ஏடிஎம்முக்கும், எப்போதும் பூட்டியே கிடக்கும் ஒரு டிராவல்ஸ் கடைக்கும் நடுவில்தான் அவர் படுப்பது. யாராவது பணம் எடுக்க உள்ளே போய் வரும்போதெல்லாம் கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் குளிர்காற்று வந்து முகத்தில் படும். "பாதி ஏசி ரூம்" என்பார். மாசக் கடைசியில் யாரும் பணம் எடுக்க வராததால் ரூம் புழுங்கும்.

வேலை, கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறுவது. சாம்பார் வாளி அவர் பொறுப்பு. பாயசத்துக்கு அழகான ஆட்களாகப் பார்த்து எடுப்பார்கள் என்பதில் அவருக்கு வருத்தமில்லை. கேட்டரிங் சூப்பர்வைசர் மெர்வின் முதல் நாளே போன் பண்ணி, "அண்ணே, நாளைக்கு குரோம்பேட்டை, ஷேவ் பண்ணிட்டு வந்துருங்க" என்பான். போன் எடுத்தவனுக்கு வேலை. எடுக்காதவனுக்கு வாளி இல்லை.

இந்த ஏடிஎம் வாசல் சமாசாரம் பல்லாவரத்தில் இருக்கும் தங்கை ரோஸிக்குத் தெரியாது. அவளைப் பொறுத்தவரை அண்ணன் பொத்தேரியில் குடியிருந்தார். மனைவி காந்திமதி போய்ச் சேர்ந்து, வாடகை வீடும் கைவிட்டுப் போன நேரத்தில், "எங்கண்ணா இருக்க?" என்று அவள் போனில் கேட்டாள். ஸ்டேஷன் ஒலிபெருக்கியில் செங்கல்பட்டு வண்டி நிற்கும் ஊர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் காதில் விழுந்த ஊரை எடுத்துக்கொண்டார். "பொத்தேரில. காலேஜ் பசங்க தங்குற அபார்ட்மெண்டும்மா. வாட்ச்மேன். ரூம் குடுத்திருக்காங்க."

அதற்கப்புறம் ஒவ்வொரு போனிலும் அந்த ரூமுக்கு ஏதாவது ஒன்று சேர்ந்துகொண்டே போனது. ஒரு முறை தண்ணீர்க் குழாய். ஒரு முறை ஜன்னல். ஜன்னல் கொஞ்சம் அதிகம்தான் என்று அவருக்கே பட்டது. ஆனால் சொன்ன ஜன்னலை எப்படித் திரும்ப எடுப்பது?

போன மழைக்காலத்தில் ரோஸி கூப்பிட்டாள். மகள் சத்யபிரியாவுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. ஈஸ்டர் முடிந்ததும் நாள் பார்ப்பதாகச் சொன்னாள்.

"மொத பத்திரிகை உனக்குத்தான். வீட்டுக்கே வந்து தட்டுல வெச்சுத் தருவேன். தாய்மாமன் இல்லாம எம்பொண்ணு கோயில் படி ஏறமாட்டா, சொல்லிட்டேன்."

"எதுக்கும்மா அவ்ளோ தூரம்? போன்லயே சொல்லிட்டியே."

"போன்லயா பத்திரிகை வெப்பாங்க?"

இத்தனை நாள் போனுக்குள்ளேயே குடும்பம் நடத்தியவரை, வெளியே வா பார்க்கலாம் என்று கூப்பிட்டது போலிருந்தது.

அந்த வாரமே போன் தொலைந்தது. மண்டபத்தில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் சார்ஜுக்குப் போட்டுக்கொண்டு படுத்தார். திருடன் ஜாக்கிரதை என்று ஒயரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். எழுந்து பார்த்தபோது ஒயர் பத்திரமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் முதல் இரண்டு நாள் அவர் திருடனுக்கு மனசுக்குள் நன்றிகூடச் சொன்னார். இனிமேல் ரோஸியால் பத்திரிகை வைக்க முடியாது. மூன்றாவது நாள்தான், கல்யாணத்துக்கே போக முடியாது என்பது உறைத்தது. தூக்கி வளர்த்த பெண். அவள் ஞானஸ்நானத்தில் அவள் அழுததைவிட இவர் அழுததுதான் அதிகம் என்று ரோஸி இன்னும் சொல்லிச் சிரிப்பாள்.

அதே நம்பரில் வேறு சிம் கேட்டுக் கடைக்குப் போனார். கடைப்பையன் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "இது காந்திமதின்றவங்க பேர்ல இருக்கு சார். அவங்கள கூட்டிட்டு வாங்க" என்றான்.

"அவங்கள கூட்டினு வர முடியாது தம்பி. நான்தான் போவணும். கொஞ்சம் நாள் ஆவும்."

பையனுக்குப் புரியவில்லை. நல்ல நகைச்சுவை வீணானதில் ஜீவானந்தத்துக்குச் சின்ன வருத்தம்.

ரோஸியின் நம்பர் போனோடு போயிற்று. அவள் பல்லாவரத்திலேயே வேறு வீடு மாறியிருந்தாள். அந்த விலாசமும் போனில்தான் இருந்தது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் போய் நின்று விசாரித்தால் யாராவது கைகாட்டியிருப்பார்கள். போனில் பொத்தேரியில் இருந்தவன் நேரில் இந்தச் சட்டையோடு எந்த ஊரிலிருந்து வருவது என்று யோசித்தே மாதங்கள் ஓடின. வெயில் காலமும் வந்தது.

பக்கத்தில் படுக்கும் அம்மணிக்கு இந்தக் கதை முழுக்கத் தெரியும். மின்சார ரயிலில் ஊக்கும் ஹேர்பின்னும் விற்பவள். "இன்னா ஜீவா, பொத்தேரி வூட்ல கரண்ட் கீதா?" என்று தினமும் குசலம் விசாரிப்பாள்.

ஒருநாள் மெர்வின் மண்டபத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு ஏடிஎம் வாசலுக்கே வந்துவிட்டான். "உங்கள தேடி நான் தெருத் தெருவா சுத்தணுமாண்ணே? நீங்க என்ன கலெக்டரா?" என்று திட்டிக்கொண்டே, வீட்டில் சும்மா கிடந்த ஒரு பட்டன் போனை சிம்மோடு கொடுத்தான். ஜீவானந்தம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போன் வந்துவிட்டது. கூப்பிடத்தான் யாருமில்லை.

"உன் நம்பருக்கே போடுய்யா" என்றாள் அம்மணி. "திருட்னவன் எட்த்தான்னா, உன் தங்கச்சி நம்பரு குடுப்பான்னு கேளு. அவங்கையிலதான கீது."

"திருடங்கிட்டயா?"

"இன்னாத்துக்கு வெக்கப்பட்ற? அவன் உன்னாண்ட வெக்கப்பட்டானா?"

தன் நம்பரைத் தானே அழுத்தினார். மணி அடித்தது. யாரோ தூக்கக் கலக்கத்தில் எடுத்தார்கள்.

"ஹலோ, யாரு?"

யார் என்று சொல்வது? "தம்பி, நான் இந்த நம்பர்தான் பேசுறேன்."

"எந்த நம்பர்?"

"நீ வெச்சிருக்கிறியே, அது. முன்ன எங்கிட்ட இருந்துச்சு. ஜீவானந்தம்னு பேரு."

எதிர்முனையில் யாரோ படுக்கையிலிருந்து எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. "அங்கிள், நீங்கதான் அந்த ஜீவா அண்ணனா? இந்த நம்பர் வாங்கினதுலேர்ந்து எல்லாரும் உங்களத்தான் கேக்கறாங்க. மெர்வின்னு ஒருத்தர் சாம்பார் வாளி எடுக்க வரலைன்னு என்ன அசிங்கமா திட்டினாரு."

அவன் திருடனில்லை. ஜெயகிருஷ்ணன் என்று பேர், காலேஜ் மாணவன். புதுசாக சிம் வாங்கியபோது கடையில் கொடுத்த நம்பர் இது. ரொம்ப நாளாக ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போகும் நம்பரைக் கம்பெனிக்காரர்கள் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

"எங்க தம்பி இருக்க?"

"பொத்தேரில அங்கிள்."

ஜீவானந்தம் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

"உங்க சிஸ்டர் வந்தாங்களே, பத்திரிகையோட" என்றான் அவன். "நான்தான் தப்பு பண்ணிட்டேன். போன வாரம் போன் பண்ணி, 'அண்ணா வீட்லதான் இருக்கியா, பொத்தேரிதானே, அட்ரஸ் சொல்லு'ன்னாங்க. டெலிவரிகாரங்க எல்லாருமே அண்ணான்னுதானே கூப்பிடறாங்க, ஏதோ பார்சல்னு சொல்லிட்டேன். வாய்ஸ் ஒரு மாதிரி இருக்கேன்னு கேட்டாங்க. இப்பதான் எழுந்தேன்னேன்."

"அப்புறம்?"

"நேர்ல வந்து, வாட்ச்மேன் அண்ணன் எங்கன்னாங்க. டீ குடிக்கப் போயிருக்காருன்னேன். அவரு நெஜமாவே டீ குடிக்கத்தான் போயிருந்தாரு. அவரு ரூம எட்டிப் பாத்துட்டு, தட்ட எங்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டாங்க. அப்புறம் அவருகிட்ட சொன்னா, அவரு ஒடிசாக்காரரு, தனக்குத் தங்கச்சியே இல்லன்னு ஹிந்தியில சண்டைக்கு வராரு." கொஞ்சம் தயங்கினான். "பத்திரிகை பத்திரமா இருக்கு அங்கிள். பழத்த மட்டும் சாப்ட்டுட்டோம்."

போனோடு காதை ஒட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உன் நம்பரு வூடு புட்ச்சி குடித்தனம் போய்ட்ச்சி. பத்திரிகையும் வாங்கிக்கிச்சி. நீதான் இன்னும் ஏடிஎம் வாசல்ல குந்திகினு கீற."

மறுநாள் ஷேவ் பண்ணிக்கொண்டு செங்கல்பட்டு வண்டியில் ஏறினார். தன் வீட்டை முதன்முதலாகப் பார்க்கப் போகிறவனின் படபடப்பு அவருக்கு இருந்தது. கேட்டில் ஒடிசாக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். என்னைத்தான் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டார். மாடிப்படிக்குக் கீழே வாட்ச்மேன் ரூம் திறந்திருந்தது. ஒரு பாய், ஒரு பெட்டி, சுவரில் ஒரு பல்ப். ஜன்னல் இல்லை. அவருக்கு என்னவோ அந்த ஜன்னலைத் தானே பெயர்த்து எடுத்துக்கொண்டு போனது போலிருந்தது.

ஜெயகிருஷ்ணன் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தான். மாமன் என்ற இடத்தில், திரு. ஜீவானந்தம், பொத்தேரி என்று அச்சடித்திருந்தது. மனுஷன் சொல்லும் பொய் காற்றோடு போய்விடும் என்று நினைத்திருந்தார். இது தங்க எழுத்தில் பளபளத்தது.

"கல்யாணத்தன்னைக்குக் காலைல இங்கதான் கார் அனுப்பறேன்னு சொன்னாங்க. நீங்க முன்னாடியே வந்து கேட்ல நின்னுக்கங்க. சட்டை வேணும்னா நான் தரேன்" என்றான் அவன். சுலபமான வழிதான். ஜீவானந்தத்துக்கும் அதுதான் உத்தேசம். "அவங்களுக்கு ஒரு போன் பண்ணிருங்க அங்கிள். என் போன்லயே பேசுங்க. உங்க நம்பர்தானே."

ரோஸி முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எங்கண்ணா போன? பழத்தட்டோட வந்தா ஆளக் காணோம். அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா போன் போகல."

"வேலைம்மா. சத்யா எப்டி இருக்கா?"

"அவ இருக்கட்டும்." அவள் குரல் இறங்கியது. "உன் ரூமப் பாத்தேன். ஜன்னல் இருக்குன்ன. ஒண்ணுமே இல்ல. ஒரு ஃபேன்கூட இல்ல. அந்தப் புழுக்கத்துல எப்டிண்ணா படுக்குற? வீட்டுக்கு வந்து அழுதேன். கல்யாணம் முடியட்டும்னுதான் பாத்தேன், மனசு கேக்கல. எங்க வீட்டுக்காரரு ஃபேன் வாங்கி வெச்சிருக்காரு. நாளைக்கு எலெக்ட்ரீஷியனோட வந்து மாட்டிட்டுப் போறேன்."

ஜீவானந்தம் திறந்திருந்த ரூமைப் பார்த்தார். ஒடிசாக்காரர் பாயில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். ஃபேன் வந்தால் அந்த மனுஷன் சந்தோஷப்படுவார், தனக்கு ஒரு தங்கச்சி இருப்பதை ஒப்புக்கொள்ளவும் கூடும். ரோஸியின் காசில் இன்னும் எத்தனை சாமான் இந்த ரூமுக்கு வந்து சேருமோ என்று தோன்றியது. குழாயும் ஜன்னலும் இவர் வாயால் வைத்தவை. ஃபேன் நிஜம்.

"ஃபேன் வேணாம் ரோஸி."

"ஏன்?"

"மாட்ட எடமில்ல."

"மேல கொக்கி இருக்கே. நான் பாத்தேன்."

"கொக்கி இருக்கு. அது எனக்கு மேல இல்ல." சிரித்துக்கொண்டே சொல்லத்தான் நினைத்தார், வரவில்லை. "அது வேற ஆளு ரூம்மா. காரையும் இங்க அனுப்பாத. தாம்பரத்துக்கு அனுப்பு. மேற்கால, ஏடிஎம் வாசல்ல."

"அங்க எதுக்கு நிக்கற?"

"நிக்கல. அங்கதான் இருக்கேன். காந்திமதி போனதுலேர்ந்து."

கட் ஆகிவிட்டதோ என்று போனைப் பார்த்தார். திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஜெயகிருஷ்ணன் படிக்கட்டில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு ரோஸி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அந்தப் பக்கம் ரெண்டு ஏடிஎம் இருக்கு" என்றாள். "எந்த ஏடிஎம்?"

"சேப்பு போர்டு."

"சரி. கல்யாணத்தன்னைக்கு இல்ல, இன்னிக்கே வரேன். எங்கயும் போய்த் தொலையாத." நிறுத்தினாள். "பத்திரிகையக் கையில வெச்சிரு. தட்டு நான் எடுத்துட்டு வரேன். மறுபடி வெக்கணும்."

"பழம் தீந்துபோச்சும்மா" என்றார் ஜீவானந்தம்.